‘ஊர்மக்கள்’ என்றால் யார்? – காட்பாடி நேயரின் சந்தேகம்

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “கல்லூரியில் இதழியல் பாடம் எடுக்கிறேன். சாதி சம்பந்தப்பட்ட செய்தியை எடுத்தாலே பிள்ளைகள் முகம் மாறுகிறது. தொடாமல் விட்டுவிடலாமா?” இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தொடாமல் எப்படிப் போவீர்கள் தம்பி? முதல் பயிற்சியிலேயே அது வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலூரில் நான் பாடம் எடுத்த காலத்தில், ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையைப் பத்து வரியில் எழுதச் சொல்வேன். ஒரு பையன் ‘குடிநீர் கேட்டு ஊர்மக்கள் சாலை மறியல்’ என்று தலைப்பு போட்டான். கச்சிதமான தலைப்பு. அதே ஊர்ப் பெண் எழுந்து, “சார், அந்த மறியல்ல நாங்க இல்ல. எங்க காலனிக்குத் தண்ணி வந்து மூணு மாசம் ஆச்சு, அதுக்கு யாரும் ரோட்டுல உட்காரல” என்றாள். நான் என்ன செய்தேன்? “அதை விடும்மா, நடையைப் பாரு” என்று தாண்டிப் போனேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

நம் பக்கத்தில் பேச்சில் ஊர் வேறு, தலித் மக்கள் வாழும் காலனி வேறு. செய்தியில் மட்டும் எல்லாரும் ‘ஊர்மக்கள்’. அடிதடி நடந்தால் ‘இரு தரப்பினரிடையே மோதல்’. யார் அடித்தது, யார் வாங்கியது? தேவையில்லாமல் சாதியைக் குறிப்பிடாதே என்று, பத்திரிகைகளுக்கு நெறிமுறை வகுக்கும் பிரஸ் கவுன்சில் சொல்வது சரிதான். தேவையான இடத்தில் மறைப்பது வேறு கதை. 2025-ல் அரசு ஆவணங்களில் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. அந்தப் பெண் வீட்டுக் குழாய்?

திரும்பவும் வேலூர்க் கோட்டையா என்று பழைய நேயர்கள் சிரிப்பீர்கள். போகத்தான் போகிறேன். புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியச் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு. 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். வெள்ளைக்காரன் அதைக் ‘கலகம்’ என்று எழுதினான், நாம் ‘புரட்சி’ என்கிறோம். சாதியைத் தொடலாமா என்பதைவிட, இந்தச் சொல்லை வைத்தது யார் என்று நீங்கள் கேட்டிருக்கலாம்.

முதல் வாரம் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். கம்பெனிக்கு ஒரு தலைப்பு, சிப்பாய்க்கு ஒரு தலைப்பு எழுதட்டும். இருநூறு வருஷக் கதை, யார் முகமும் மாறாது. அடுத்த வாரம் தண்ணீர்ச் செய்தியைக் கொடுங்கள். ஊர்ப் பையனைக் காலனிக் குழாயடிக்கு அனுப்புங்கள், குடம் வரிசையில் இருக்கிற நேரமாகப் பார்த்து.