கூட்டலாம், குறைக்க முடியாது: துல்லிய ரெசிஸ்டர் உருவாகும் விதம்

அவையோருக்கு வணக்கம்.

சென்னை ரிச்சி தெருவில் போய் 10 கிலோ ஓம் தடையுள்ள ரெசிஸ்டர், அதாவது மின்தடைப் பாகம், கேட்டால் கடைக்காரர் இரண்டு வகை எடுத்து வைப்பார். பிழை வரம்பைச் சொல்லும் வளையம் பழுப்பாக இருந்தால் 1 சதவீதம், ஊதாவாக இருந்தால் 0.1 சதவீதம். ஊதா வளையம் பார்த்ததும் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த ரெசிஸ்டரை ஏசி அறையில் 23 டிகிரி செல்சியஸில் அளந்து கருவியில் வைக்கிறீர்கள். கருவி மொட்டைமாடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் போகிறது. சித்திரை வெயிலில் பெட்டிக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 42 டிகிரி. சூடு ஒரு டிகிரி மாறினால் தடை எவ்வளவு மாறும் என்பதே வெப்பக் குணகம். இந்த ரெசிஸ்டருக்கு அது டிகிரிக்கு 25 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 25 பங்கு. பெருக்கினால் 1,050 பிபிஎம், சதவீதத்தில் 0.105. ஊதா வளையம் சொன்ன வரம்பு முழுவதையும் வெயில் ஒன்றே தின்றுவிட்டது! குணகம் 5 பிபிஎம் என்றால் அதே வெயிலில் 0.021 சதவீதம்தான் நகரும். மதிப்பை எட்டுவது ஒரு வேலை. எட்டிய இடத்தில் அதை நிற்கவைப்பது வேறு வேலை. தொழிற்சாலையில் பெரும்பாடு இந்த இரண்டாவதற்குத்தான்.

அலுமினா செராமிக் தண்டு ஒன்றைச் சுத்தமாகக் கழுவி வெற்றிட அறைக்குள் வைக்கிறார்கள். ஆர்கான் அயனிகள் நிக்கல்-குரோமியத் தட்டை மோத, அதிலிருந்து தெறிக்கும் அணுக்கள் தண்டின்மேல் படலமாகப் படிகின்றன. படலத்தின் தடிப்பை நானோமீட்டரில்தான் சொல்ல வேண்டும். பிறகு 300 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிறார்கள். படிந்தபோது ஒழுங்கில்லாமல் கிடந்த அணுக்கள் இந்தச் சூட்டில் சீராகின்றன. மேலே மெல்லிய ஆக்சைடு உருவாகிறது. வெப்பக் குணகம் பூஜ்யத்தை ஒட்டி வருவதும் இங்கேதான். சூடு போதாவிட்டால் குணகம் மைனஸ் பக்கம் நிற்கும், அதிகமானால் பிளஸ் பக்கம் ஓடிவிடும். பின்னால் லேசரால் படலத்தை எப்படி வெட்டினாலும் இந்தத் தவறைத் திருத்த வழியில்லை.

அடுத்து இரண்டு முனையிலும் உலோகத் தொப்பியை இறுக்கி அழுத்துவார்கள். அதன்பின் வருவது திருகுவெட்டு: படலத்தை லேசரால் திருகாணி மரைபோலச் சுற்றி வெட்டுவது. இதைப் புரிந்துகொள்ளச் சதுரம் எண்ணத் தெரிந்தால் போதும். ஒரே தடிப்புள்ள படலத்தில் சதுரம் பெரிதானாலும் சிறிதானாலும் எதிர்ப்பக்கங்களுக்கு இடையே தடை ஒன்றுதான். தண்டின் நீளம் 5 மில்லிமீட்டர், சுற்றளவும் 5 மில்லிமீட்டர் என்றால் அது ஒரு சதுரம். சதுரத்துக்கு 100 ஓம் உள்ள படலமானால், வெட்டாத தண்டு 100 ஓம். நடுவில் 4 மில்லிமீட்டரில் 16 சுற்றுத் திருகு வெட்டுங்கள். ஒரு சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர். அதில் வெட்டுத்தடம் 0.05 போக, பாதையின் அகலம் 0.2. பாதையின் நீளம் 80. ஆக 400 சதுரம், 40 கிலோ ஓம். தண்டு அதேதான், பூச்சும் அதேதான். தடை 400 மடங்கு.

வெட்ட வெட்டத் தடை ஏறும். இறக்க வழியே கிடையாது. சில பிபிஎம் தாண்டி வெட்டிவிட்டாலும் அந்தத் துண்டு கீழ்த்தரத்துக்குப் போகும். அதனால் வெட்டாத தண்டை வேண்டுமென்றே குறைந்த மதிப்பில் தயாரிக்கிறார்கள். தட்டையான சிப் ரெசிஸ்டரில் எல் வடிவ வெட்டு உண்டு. முதலில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே வெட்டினால் மதிப்பு வேகமாக ஏறும். இலக்கை நெருங்கியதும் லேசர் திரும்பி, மின்னோட்டப் போக்கிலேயே வெட்டும்; இப்போது மெல்ல ஏறும். ஏன் மெல்ல? நிறுத்து என்ற கட்டளைக்கும் லேசர் நிற்பதற்கும் இடையில் ஒரு கணம் இருக்கிறது. மில்லிசெகண்டுக்கு 1 சதவீதம் ஏறும் வேகத்தில் 0.1 மில்லிசெகண்டு தாமதித்தால், 0.1 சதவீதம் தாண்டிப்போய்விடும்.

வெட்டின் ஓரம் ஒரு காயம்தான். அங்கே படலம் உருகி உறைந்திருக்கும், நுண்விரிசல் இருக்கும். வெட்டு முடியும் மூலையில் மின்னோட்டம் நெருக்கியடித்து ஓடும். அந்த இடம் மற்ற இடத்தைவிடச் சுடும். வெட்டிய உடனே அளந்த மதிப்பை நம்பக் கூடாது என்பது இதனால்தான். மறுபடி சூடேற்றி, ஓரத்தை ஆற்றி, அதன்பிறகே தரம் பிரிக்கிறார்கள். அப்போது மதிப்பு கொஞ்சம் ஏறும் என்பது முன்கூட்டியே கணக்கில் சேர்ந்திருக்கும்.

இந்தக் காயத்தைத் தவிர்க்கும் வகை ஒன்று உண்டு. 1962-இல் ஃபெலிக்ஸ் சாண்ட்மன் உருவாக்கிய உலோகத் தகடு ரெசிஸ்டர் அது. சில மைக்ரான் தடிப்புள்ள தகட்டைச் செராமிக்கில் ஒட்டி, வளைந்து வளைந்து போகும் பாதையாக அரித்தெடுக்கிறார்கள். சூடானால் உலோகம் அதிகம் விரியப் பார்க்கும், செராமிக் விடாது. அந்த அழுத்தத்தில் தடை சற்று இறங்கி, உலோகத்தின் இயல்பான ஏற்றத்தைச் சரிக்கட்டும். என் கண்ணுக்கு இந்தத் துறையிலேயே அழகான யோசனை இதுதான். மதிப்பைச் சரிசெய்வது நகைக்கடைத் தராசில் எடைக்கல் போடுவது போல. பாதையை ஒட்டிச் சின்னச் சின்ன இணைப்புகள் இருக்கும். ஒன்றை வெட்டினால் 1 சதவீதம் ஏறும், இன்னொன்றுக்கு 0.1, அடுத்ததற்கு 0.01. முக்கியப் பாதையில் கத்தி படாது.

மாங்கனின் என்ற செம்புக் கலவைக் கம்பி சுற்றிய வகையும், மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுத்தரமாக வைக்க நல்லது. ஆனால் சுற்றும்போது கம்பியை இழுத்த இறுக்கம் தளராவிட்டால் மதிப்பு நாள்பட நகரும்.

அளப்பதைப் பற்றி ஒன்று. 10 ஓம் ரெசிஸ்டரில் 0.1 சதவீதம் என்பது 10 மில்லிஓம். சாதாரண மல்டிமீட்டர் கம்பியும் கிளிப்பும் சேர்ந்தே அதைவிட அதிகத் தடை. மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என நான்கு கம்பி இல்லாமல் அளக்காதீர்கள். கால்களில் எந்த இடத்தில் பிடிக்கிறீர்கள் என்பதும் கணக்கு: 0.6 மில்லிமீட்டர் செம்புக் காலில் சென்டிமீட்டருக்கு 0.6 மில்லிஓம். சால்டர் வைத்த சூட்டோடு அளப்பதும் வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. நிக்கல்-குரோமியப் படலத்துக்கு ஈரமும் உப்பும் எதிரி. இரண்டும் சேர்ந்த இடத்தில் டிசி மின்னழுத்தம் இருந்தால் படலம் மின்பகுப்பில் அரிக்கும்; தடை ஏறி ஏறிக் கடைசியில் பாதை அறுந்துபோகும். விரல் ரேகையிலேயே போதுமான உப்பு இருக்கிறது. உயர் மதிப்பில் நேர்மாறாக நடக்கும்: 10 மெகா ஓம் ரெசிஸ்டர்மேல் ஒட்டிய அழுக்கு 10 கிகா ஓம் கசிவுப்பாதை ஆனால், மதிப்பு 0.1 சதவீதம் இறங்கும். சால்டர் வைக்கும்போது ஒட்டிய ஃப்ளக்ஸ் பசையைப் போர்டிலிருந்து கழுவி, உலர்த்தி, பிறகு பாதுகாப்புப் பூச்சு கொடுங்கள். ஈரத்தின்மேல் பூச்சு அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகும். எண்ணூர் முதல் கோவளம் வரை கடற்காற்று படும் இடத்தில் நிற்கப்போகும் கருவிக்கு, டான்டலம் நைட்ரைடு படலம் கேட்டு வாங்குங்கள். தன்மேல் தானே ஆக்சைடு போர்த்திக்கொள்வதால் அது ஈரத்தை நன்றாகத் தாங்கும்.