பின்சீட்டு பிரேக்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்க ஆசைதான். கொடுத்திருப்பது எட்டு நிமிடம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். வேலையிடத்தில் முடிவுகளைத் தீர்மானிப்பது நாற்காலியா, நம்பிக்கையா? நான் நம்பிக்கை அணி. பதவியும் கையெழுத்து அதிகாரமும் இல்லாதவராலும் ஒரு முடிவை மாற்ற முடியும் என்று பேச ஐந்து பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் அந்த ஐந்து பக்கத்தையும் ஒரே வரியில் மடித்துப் போட்டுவிட்டார். என்ன சொன்னார்? "பதவி இல்லாதவர் யோசனை சொல்வது, காரில் பின்சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிற மாதிரி. கால்தான் வலிக்கும், வண்டி நிற்காது."

கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் அவர் எந்த அணி என்று ஞாபகம் வந்தது.

ஐயா, நீங்கள் எங்கள் அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக் கார் ஓட்டியதில்லை. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் கிடையாது. பிரேக் எது, கிளட்ச் எது என்று கேட்டால், "எல்லாம் மிதிக்கிறதுதானே" என்பார். ஆனால் முன்னால் ஒரு லாரி தெரிந்தால் போதும், பின்னால் 'பொத்'தென்று ஒரு சத்தம் கேட்கும். அம்மா தரையை மிதிக்கிறார். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் கால் தானாக பிரேக்குக்குப் போகும். வண்டி நின்றதா, இல்லையா? நின்றது! நண்பர் பிரேக் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ஓட்டுகிறவனின் காது எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சரி, வீட்டை விட்டு அலுவலகத்துக்கு வருகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஸ்டோர் பொறுப்பில் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'ஸ்டோர் அண்ணன்'. பொறுப்பு என்றால், சாவி அவர் பொறுப்பு. அவ்வளவுதான். புதிதாக ஒரு மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில் ஒரு முடிவு எடுத்தார். தரைத்தளத்தில் இருக்கும் ஸ்டோர் மூன்றாம் மாடிக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் அவருடைய அறை வர வேண்டும். எங்களுக்கு வயிறு கலங்கியது. லிஃப்ட் ஒன்றுதான், அதற்கும் பாதி நாள் விடுப்பு. மீட்டிங்கில் எல்லோரும் அண்ணனைப் பார்க்கிறோம். அண்ணன் எழுந்தார். "சரி சார்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நடுவர் அவர்களே, 'சரி சார்'களில் வகை உண்டு. நிஜமாகவே ஒத்துக்கொள்கிற சரி சார் ஒன்று. பட்டால்தான் உமக்குப் புரியும் என்கிற சரி சார் இன்னொன்று. இது மூன்றாவது. இதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

சாயங்காலம் தனியாகப் போய்க் கேட்டார். "சார், எல்லாத்தையும் ஒரே நாள்ல தூக்கினா வேலை நின்னுடும். முதல்ல ஒரு வாரம், ஒரே ஒரு சாமானை மட்டும் மேல வச்சுப் பார்ப்போமா?"

"எந்தச் சாமான்?"

"ஸ்டேப்ளர் பின் சார்."

பின்னில் என்ன வம்பு வந்துவிடப் போகிறது? மேனேஜர் சரி என்றார்.

திங்கட்கிழமை. ஓர் அலுவலகம் எவ்வளவு பின் தின்னும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் மூன்று மாடி ஏறினார். ஏறி முடித்தபோது எதற்கு ஏறினோம் என்பதே மறந்துவிட்டது. இறங்கி வந்தார், ஸ்டேப்ளரைப் பார்த்தார், ஞாபகம் வந்தது, மறுபடி ஏறினார். செவ்வாய்க்கிழமை, பின் வாங்கப் போனவரைத் தேடிக்கொண்டு ஒருவர் போனார். அவரைத் தேடிக்கொண்டு இன்னொருவர்.

புதன்கிழமை! தலைமை அலுவலகத்துக்கு அவசர ஃபைல். மேனேஜர் ஸ்டேப்ளரை அழுத்துகிறார். டக். காற்று. மறுபடி டக். காற்று. உதவியாளரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாம் மாடியில் வரிசையில் நிற்கிறார். லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். அதுவும் ஸ்டேப்ளர் மாதிரியே: டக், காற்று. வேறு வழியில்லை, மேனேஜரே ஏறினார். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார். அண்ணன் எழுந்து நின்று ஒரு நோட்டை நீட்டுகிறார். "பேரு, நேரம், கையெழுத்து சார்."

அந்தக் கட்டடத்திலேயே கையெழுத்து அதிகாரம் உள்ள ஒரே மனிதர். போட்டார்.

சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். நேரத்தை மட்டும் நடுவர் கழித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை அந்த நோட்டு மேனேஜரின் மேசைக்குப் போனது. யார் எத்தனை தடவை ஏறினார்கள், எத்தனை நிமிடம் போனது, எல்லாம் அதில் இருந்தது. அண்ணன் வாய் திறக்கவில்லை. அடுத்த மீட்டிங்கில் மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் இதைப் பத்தி ரொம்ப யோசிச்சேன். ஸ்டோர் கீழேயே இருக்கட்டும்." முதல் ஆளாக எழுந்தது யார் தெரியுமா? "அருமையான யோசனை சார்!"

எதிரணி இதைத் தந்திரம் என்று சொல்லும். தந்திரம் என்றால் நோட்டில் ஒரு வரியாவது பொய் இருக்க வேண்டும். இல்லை. பல வருடமாக ஒரு டப்பா பின் கணக்கில்கூடப் பிசகாதவர் எழுதிய நோட்டு அது. அதனால்தான் மேனேஜரால் அதைத் தள்ள முடியவில்லை. சபையில் மறுத்துப் பேசியிருந்தால் மேனேஜர் வீம்புக்காவது ஸ்டோரை மேலே ஏற்றியிருப்பார்.

நோட்டு என்றதும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் நினைவுக்கு வருகிறார். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கவனித்த நர்ஸ். போரிலிருந்து 1856இல் திரும்பினார். அடுத்த வருடம் பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரம் பற்றி விசாரிக்க ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். பெண் என்பதால் அதில் அவருக்கு நாற்காலி இல்லை. ஆணையத் தலைவர் சிட்னி ஹெர்பர்ட் அவருடைய நண்பர், அவரை நம்பியவர். நைட்டிங்கேல் வெளியில் இருந்தபடியே அவருக்குக் கணக்குகளை அனுப்பினார். காயத்தால் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்த சிப்பாய்களே அதிகம் என்பதை 1858இல் வண்ணப் படமாகவே போட்டுக் காட்டினார். நாற்காலி ஆணையத்தில் இருந்தது, ஆணையத்தின் வாயில் இருந்ததோ இவருடைய கணக்கு!

பின்சீட்டுக்கே பிரேக் கொடுத்த கம்பெனியும் உண்டு. டொயோட்டா. அசெம்பிளி வரிசையில் நிற்கும் தொழிலாளி குறை கண்டால் ஒரு கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், கொஞ்ச நேரத்துக்குள் சரியாகவில்லை என்றால் வரிசையே நிற்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஜப்பானிய மொழியில் 'ஆண்டோன்' என்று பெயர். அதுவும் நிர்வாகம் கொடுத்த அதிகாரம்தானே என்று எதிரணி கேட்கும். கேட்பதற்குள் நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறேன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தைச் சொன்னார். 1986 ஜனவரி 27, இரவு. ராக்கெட் பூஸ்டர் செய்த கம்பெனியின் இன்ஜினியர்கள் தொலைபேசிக் கூட்டத்தில், மறுநாள் விண்கலத்தை ஏவ வேண்டாம் என்றார்கள். குளிரில் பூஸ்டர் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் இறுகிவிடும், இணைப்பு அடைபடாது என்றார்கள். "இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரியிடம் சொன்னது விசாரணையில் வெளிவந்தது. மறுநாள் காலை, கிளம்பிய 73ஆவது வினாடியில் விண்கலம் சிதறியது. "சொன்னார்கள், கேட்டார்களா?" என்று நண்பர் கேட்டார்.

கேட்கவில்லை. இது உங்கள் பக்கத்துச் சாட்சிதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த இன்ஜினியர்களில் ஒருவரான ரோஜர் போய்ஜாலி, இப்படியே விட்டால் உயிர் போகும் என்று 1985 ஜூலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். ஆறு மாதம் பின்சீட்டில் ஒரு கால் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. 7 பேர் போன பிறகுதான் இணைப்பை மாற்றினார்கள், வளையம் குளிராமல் இருக்க ஹீட்டர் வைத்தார்கள். 1988 செப்டம்பர் வரை அமெரிக்காவின் வேறு எந்த விண்வெளி ஓடமும் பறக்கவில்லை. நண்பரே, இந்தச் சாட்சியை வைத்து ஜெயிக்க உங்களுக்கு மனசு வருகிறதா?

எனக்கு இதற்கு மேல் வாதம் இல்லை. ஐந்து பக்கம் அப்படியே பையில் இருக்கிறது.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். அங்கே வேலை செய்கிற பையன் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான். "சார், பின்னாடி மேட் ஒரு இடத்துல மட்டும் தேஞ்சிருக்கு. ஓட்டை விழப்போகுது, மாத்திடலாமா?"

குனிந்து பார்த்தேன். ஒரு பாதம் அளவுக்கு.

"வேண்டாம்ப்பா, இருக்கட்டும்" என்றேன்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.