429 கோடிக்குள்ள ஒளிஞ்சிருந்த 641

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு எண்ணப் பத்தித்தான் பேசப் போறேன். 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2^32 கூட 1 சேத்தா இதுதான் வரும்.

1640 வாக்குல ஃபெர்மாங்கற பிரெஞ்சுக் கணித மேதை ஒரு வரிசைய எழுதிப் பாத்தாரு, 2^1, 2^2, 2^4, 2^8, 2^16னு அடுக்கு மட்டும் டபுளாகிட்டே போகும், ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டணும், அவ்ளோதான். 3, 5, 17, 257, 65537. அஞ்சுமே பகா எண். அப்ப இந்த வரிசைல வர்ற எல்லாமே பகா எண்தான்னு அவரு நம்பிட்டாரு, ஆனா நிரூபிக்க முடியல. ஆறாவதா வர்றதுதான் நம்ம ஆளு.

1732ல ஆய்லர்ங்கற சுவிஸ் கணித மேதை இது 641ஆல வகுபடும்னு காமிச்சாரு. 641 × 6700417, போட்டுப் பாருங்க, சரியா வரும்.

சும்மா தேடினா 65,000 வரைக்கும் இருக்குற பகா எண் எல்லாத்தையும் வகுத்துப் பாக்க வேண்டி வரலாம், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல அது எவ்ளோ பெரிய வேலை! ஆனா ஆய்லரே பின்னாடி நிரூபிச்ச ஒரு விதி இருக்கு, நம்ம எண்ண வகுக்குற பகா எண் எதுவா இருந்தாலும் அத 64ஆல வகுத்தா மீதி 1தான் வரணும். அப்படிப்பட்ட பகா எண்ண மட்டும் எடுத்தா 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சாவதுலயே மாட்டிக்குது!

இப்ப நான் ரொம்ப ரசிக்கிற எடம். அந்தப் பெரிய வகுத்தலப் போடாமலே 641 வகுக்கும்னு காமிக்கலாம், பேப்பர்ல கூடவே எழுதிட்டு வாங்க. 640ங்கறது 5 × 2^7. அது 641க்கு 1 கம்மி, அதனால 641ஆல வகுத்தா மீதி −1னு வெச்சுக்கலாம். ரெண்டு பக்கமும் நாலாம் அடுக்குக்கு ஏத்துங்க, 5^4 × 2^28க்கு மீதி 1. 5^4ன்னா 625, அது 641க்கு 16 கம்மி, அதனால 625 இருக்குற எடத்துல −16, அதாவது −2^4 போடலாம். அப்ப −2^32க்கு மீதி 1, அப்படின்னா 2^32 + 1க்கு மீதி 0. முடிஞ்சது! 641க்குள்ள 5 × 2^7 + 1ம் இருக்கு, 5^4 + 2^4ம் இருக்கு, ரெண்டும் ஒரே எண்ணுல வந்து உக்காந்ததாலதான் இவ்ளோ சுருக்கமா முடியுது.

நம்ம 4294967297லேந்து 2 கழிச்சா வர்ற 4294967295ஐயும் பாத்துருங்க. அது 3 × 5 × 17 × 257 × 65537, ஃபெர்மா எழுதின அதே அஞ்சு எண்ணோட பெருக்கல். 17 பக்கம் உள்ள ஒழுங்குப் பலகோணத்த ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வெச்சு வரையலாம்னு ஜெர்மன் கணித மேதை காஸ் 1796ல கண்டுபிடிச்சாரு இல்லையா, அதே வழில 4294967295 பக்கம் இருக்குற பலகோணத்தயும் வரைய முடியும், பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையா இருக்கறதுல இதுவரைக்கும் தெரிஞ்ச பெருசு அதுதான்.

ஆறாவது பகா எண் இந்த வரிசைல இன்னும் யாருக்கும் கிடைக்கல. 2^(2^20) + 1ஐ எடுத்துக்கோங்க, அது பகு எண்ணுன்னு நிரூபிச்சாச்சு, ஆனா அத வகுக்குற ஒரு பகா எண்ணக்கூட யாரும் கண்டுபிடிக்கல. 2^(2^24) + 1க்கும் அதே கததான்.