தேதி இல்லாத சண்டையில் யார் ஜெயிப்பார்?

அவையோருக்கு வணக்கம்.

குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் பிரிவில் இரண்டு பெரிய தலைகள் மோதப்போவதாகப் பேச்சு கிளம்பினால் போதும், ரசிகர்கள் அந்த நிமிடமே இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். ஒப்பந்தம் இல்லை, தேதி இல்லை, இடம் இல்லை. ஆனால் எந்த ரவுண்டில் யார் விழுவார் என்பது வரைக்கும் முடிவாகிவிடும். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைப்பது என்பார்களே, இவர்கள் பெயர் வைத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பரீட்சை மார்க்கையும் சொல்லிவிடுகிறவர்கள்.

வாதாடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வாதம்தான் இந்த விளையாட்டில் பாதிச் சுவை. ஆனால் ‘யார் ஜெயிப்பார்’ என்ற கேள்வியோடு ‘எப்போது’ என்ற சொல் சேரவில்லை என்றால் அதற்குப் பதிலே கிடையாது. மற்ற எடைப் பிரிவுகளில் உடம்பு ஒரு எல்லைக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. ஹெவிவெயிட்டில் 200 பவுண்டுக்கு மேலே வானம்தான் எல்லை. ஒரே வீரர் ஆறே மாதத்தில் பதினைந்து பவுண்டு ஏறியும் வரலாம், இறங்கியும் வரலாம். எந்த மாதத்து ஆளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெரிய வேண்டாமா?

முதலில், எல்லோரும் கையில் எடுக்கிற அந்த முக்கோணக் கணக்கை முடித்துவிடுவோம். ‘இவர் அவரை அடித்தார், அவர் மற்றவரை அடித்தார், ஆகவே இவர் மற்றவரை அடிப்பார்.’ இதைப் போட்டு உடைக்க மூன்று பெயர் போதும். 1971 மார்ச் 8, மேடிசன் ஸ்கொயர் கார்டன்: ஜோ ஃப்ரேசியர் முகமது அலியை 15 ரவுண்டில் புள்ளிக் கணக்கில் வென்றார், கடைசி ரவுண்டில் இடக்கை ஹூக்கால், அதாவது பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்தால், கீழேயும் வீழ்த்தினார். 1973 ஜனவரி, ஜமைக்காவின் கிங்ஸ்டன்: ஜார்ஜ் ஃபோர்மன் அதே ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் போட்டார். கணக்குப்படி பார்த்தால் ஃபோர்மனிடம் அலி பொடிப்பொடியாக வேண்டும். 1974 அக்டோபர் 30, கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் நாக்அவுட் ஆனது ஃபோர்மன்.

இதற்குக் காரணம் அதிர்ஷ்டம் இல்லை, அமைப்பு. ஃப்ரேசியர் குனிந்து, தலையை ஆட்டி ஆட்டி உள்ளே நுழைகிறவர். பின்வாங்கி, முன்கையால் நேரே நீட்டிக் குத்தும் ஜாப் போடும் அலிக்கு அது தலைவலி. ஆனால் குனிந்து எழும்பும் தலைக்கு எதிரே ஃபோர்மனின் அப்பர்கட், கீழிருந்து மேலே எழும்பும் குத்து, காத்திருந்தது. இரண்டு கைகளாலும் தோளைத் தள்ளி, தனக்கு வேண்டிய தூரத்தில் ஆளை நிறுத்திவைத்து அடித்தார் அவர். அலியோ குனிந்து வரவில்லை. கயிற்றில் சாய்ந்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கிளிஞ்சில், அதாவது இருவரும் கட்டிப்பிடித்து நிற்கும்போது, ஃபோர்மனின் பிடரியைக் கீழே அழுத்தி, அவருடைய மூச்சை அவரே செலவழிக்கும்படி விட்டார். மூன்று சண்டையும் மூன்று வெவ்வேறு பூட்டு. ஒன்றின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது.

அடுத்தது அளவுகள். கை நீளம் பற்றி அடிக்கடி ஒரு பிழை நடக்கிறது. டைசன் ஃபியூரிக்கு 85 அங்குலம், ஒலெக்சாண்டர் உசிக்குக்கு 78 அங்குலம் என்று சொல்லி, ‘ஏழு அங்குலம் முன்னாலேயே குத்து விழும்’ என்கிறார்கள். அந்த எண் இரண்டு கைகளையும் விரித்து, தோள் அகலத்தையும் சேர்த்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை எடுக்கும் அளவு. ஒரு கைக்கு வரும் வித்தியாசம் ஏறத்தாழ அதில் பாதிதான். மீதியைத் தீர்மானிப்பது கால். உசிக் இடக்கைக்காரர், சவுத்பா நிலையில் வலது காலை முன்னே வைத்து நிற்பவர். எதிரே நிற்பவரின் இடது காலுக்கு வெளிப்பக்கம் தன் வலது காலை வைத்துவிட்டால் அவருடைய இடக்கைக்கு நேர்வழி திறக்கும், எதிராளியின் வலக்கை சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கும். இந்த இரண்டு பாதங்களின் சண்டையைப் பார்க்காமல் கை நீளம் மட்டும் பேசுவது, வண்டியின் நீளத்தை வைத்து வேகத்தைச் சொல்வது போல.

ரிங்கின் அளவும் பேரம் பேசப்படுகிற விஷயம்தான். கயிற்றுக்குள் 18 அடிச் சதுரம் என்றால் 324 சதுர அடி. 22 அடி என்றால் 484. நான்கடி கூடினால் பரப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. காலால் பிழைக்கிறவருக்குப் பெரிய ரிங், நெருங்கி அடிக்கிறவருக்குச் சிறிய ரிங். இருவரின் பாணியும் எதிரெதிராக இருக்கும்போது, இந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்ட பிறகு பேசுவது நல்லது. கையுறை ஹெவிவெயிட்டில் 10 அவுன்ஸ் என்பது வழக்கம். அதன் உள்ளே குதிரைமுடியா, ஃபோமா என்பதும் சண்டைக்குரியதே, ஆனால் அதற்குள் இப்போது போக வேண்டாம்.

இனி, சண்டை ஏன் நடப்பதில்லை என்பதற்கு வருகிறேன். ரசிகர்கள் இதற்குக் கைவசம் வைத்திருக்கும் பதில் ‘பயந்துவிட்டார்’. சில வேளை அது உண்மையாகவும் இருந்திருக்கிறது. 1988 சோல் ஒலிம்பிக் இறுதியில் லெனாக்ஸ் லூயிஸ் ரிடிக் போவை இரண்டாவது ரவுண்டில் நிறுத்தினார். 1992இல் போ உலகச் சாம்பியன் ஆனதும் கட்டாயப் போட்டியாளராக, அதாவது சாம்பியன் மோதியே ஆகவேண்டிய ஆளாக, எதிரே வந்து நின்றவர் அதே லூயிஸ். போ அந்த டிசம்பரில் லண்டனில் டபிள்யூபிசி என்ற உலக அமைப்பின் சாம்பியன் பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுக் காட்டினார். தொழில்முறையில் அவர்கள் இருவரும் ஒருமுறைகூட மோதவில்லை. அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் பெரும்பாலான சண்டைகளைக் கொல்வது பயம் இல்லை, காகிதம். 2021 மே மாதத்தைப் பாருங்கள். ஃபியூரிக்கும் ஆன்டனி ஜோஷுவாவுக்கும் நான்கு உலக அமைப்புகளின் பெல்ட்டும் ஒன்றுசேரும் சண்டை, ஆகஸ்ட் 14, சவூதி அரேபியா என்று ஃபியூரியே ஞாயிற்றுக்கிழமை அறிவித்தார். திங்கட்கிழமை அமெரிக்காவில் ஒரு நடுவர் மன்றத் தீர்ப்பு வந்தது: டியான்டே வைல்டருக்கு மூன்றாவது சண்டை தர ஃபியூரி ஒப்பந்தப்படி கடமைப்பட்டவர். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அதோடு முடியவில்லை. காத்திருந்த நேரத்தில் ஜோஷுவா செப்டம்பர் 25 அன்று உசிக்கிடம் தோற்று, தன் கையிலிருந்த பெல்ட்டுகளையும் இழந்தார். மே மாதம் உலகமே வாதாடிய சண்டை அக்டோபரில் அதே சண்டையாக இல்லை. இருவரும் அதே ஆட்கள்தான், ஆனால் பணயத்தில் இருந்த பொருள் போய்விட்டது. அடுத்த ஆண்டு 60–40 பணப் பங்கில் மீண்டும் பேசி, அதுவும் முறிந்தது.

மறுபோட்டி உட்பிரிவு என்று ஒன்று உண்டு. தோற்றவர் கேட்டால் திரும்ப மோத வேண்டும் என்ற நிபந்தனை. படிக்க நியாயமாக இருக்கும். ஆனால் அது ஜெயித்தவரின் அடுத்த ஒரு வருடத்தை முன்கூட்டியே அடகு வைக்கிறது. 2023இல் ஃபியூரி உசிக்கிடம் 70–30 கேட்டார். உசிக் 30 சதவீதத்துக்கே ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் பங்கைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தபோது பேச்சுவார்த்தை மறுபோட்டி நிபந்தனைகளில் சிக்கி முறிந்தது. அடுத்த முறை பெரிய சண்டை பற்றிச் செய்தி வரும்போது பணப் பங்கைத் தேடுவதற்கு முன் இந்த உட்பிரிவைத் தேடுங்கள். சண்டை முறிகிற இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இருதரப்பும் ஒத்துவராதபோது ஏலம் நடக்கும். சண்டையை ஏற்பாடு செய்யும் ப்ரமோட்டர்கள் தாங்கள் தரத் தயாராக இருக்கும் மொத்தப் பரிசுத்தொகையை மூடிய உறையில் தருவார்கள், அதிகத் தொகை கேட்டவருக்குச் சண்டை. 2022 ஜனவரியில் ஃபியூரி–டிலியன் வைட் சண்டைக்கு ஃப்ராங்க் வாரன் கேட்டது 4 கோடியே 10 லட்சத்து 25 ஆயிரம் டாலர். அதில் பத்து சதவீதம், ஏறக்குறைய 41 லட்சம், ஜெயிப்பவருக்கென்று ஒதுக்கப்பட்டது. மீதியில் சாம்பியனுக்கு 80 சதவீதம், அதாவது சுமார் 2 கோடியே 95 லட்சம். போட்டியாளருக்கு 20 சதவீதம், சுமார் 74 லட்சம். இந்தக் கணக்கு தெரிந்தால், சாம்பியனாக ஒரு பெல்ட்டைக் கையில் வைத்திருப்பதற்கு என்ன விலை என்பது விளங்கும். பெல்ட்டை மதிக்காதவர் போலப் பேசும் வீரர்கூட ஏன் அதை விட மறுக்கிறார் என்பதும் விளங்கும்.

சில நேரம் மோதாமல் இருப்பதற்கே பணம் உண்டு. 1996இல் மைக் டைசனோடு மோதும் முறை லூயிஸுக்கு வந்தபோது, விலகி நிற்க அவருக்கு 40 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. அந்தச் சண்டை கடைசியில் நடந்தது 2002 ஜூன் 8, மெம்ஃபிஸில். எச்பிஓவோடு ஒப்பந்தத்தில் இருந்தவர் ஒருவர், ஷோடைமோடு ஒப்பந்தத்தில் இருந்தவர் இன்னொருவர். இரண்டு போட்டித் தொலைக்காட்சிகளும் சேர்ந்து ஒளிபரப்ப வேண்டியிருந்தது. எட்டாவது ரவுண்டில் லூயிஸ் நாக்அவுட் செய்தபோது அவருக்கு வயது 36, டைசனுக்கு 35. 1996இல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் கேட்கிறார்கள். அது வேறு சண்டை, அதற்கு 2002ஐச் சாட்சியாக அழைக்க முடியாது.

தேதி குறித்தபின்னும் நிம்மதி இல்லை. ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், ஒரு முழங்கை பட்டால் போதும், புருவத்துக்கு மேல் தோல் கிழியும். ஃபோர்மனுக்கு அப்படித்தான் ஆகி, கின்ஷாசா சண்டை செப்டம்பர் 25இலிருந்து ஐந்து வாரம் தள்ளிப்போனது. ஐம்பது ஆண்டு கழித்து ஃபியூரிக்கும் அதே கதை, ஒருவழியாக உறுதியான உசிக் சண்டையின் தேதி 2024 பிப்ரவரி 17இலிருந்து மே 18 ஆனது. புதிதாக ஆறிய தழும்பு மறுபடி திறக்க அதிக அடி வேண்டாம். எனவே தள்ளிப்போன சண்டையைப் பேசும்போது பழைய கணிப்பை அப்படியே நீட்டிக்கக்கூடாது. எதிராளியே மாறிப்போவதும் உண்டு. 2019இல் ஜோஷுவாவுக்கு எதிரே நிற்க வேண்டியவர் ஜாரல் மில்லர். ஊக்கமருந்துச் சோதனையில் அவர் சிக்க, சில வாரங்களே இருக்கும்போது ஆண்டி ரூயிஸ் வந்தார். ஜோஷுவா நான்கு முறை விழுந்து ஏழாவது ரவுண்டில் தோற்றார். மில்லருக்காகத் தீட்டிய திட்டம் ரூயிஸின் வேகமான கைகளுக்கு உதவவில்லை.

புள்ளி அட்டையையும் சொல்லாமல் விட முடியாது. ‘தெளிவாக ஜெயிப்பார்’ என்று சொல்கிறவர்கள் 2024 மே 18 ரியாத்தில் நடந்த உசிக்–ஃபியூரி சண்டையின் அட்டைகளை ஒருமுறை கையில் எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஜட்ஜ் உசிக்குக்கு 115–112, இன்னொருவர் உசிக்குக்கு 114–113, மூன்றாமவர் ஃபியூரிக்கு 114–113. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கயிற்றில் மோதித் தள்ளாடியபோது நடுவர் எண்ணத் தொடங்கினார், அது நாக்டவுன், அதாவது கீழே விழுந்த கணக்கு, ஆகி, வழக்கமான 10–9க்குப் பதில் ரவுண்டு 10–8 ஆனது. அந்த எண்ணிக்கை இல்லாமல் அதே ரவுண்டு 10–9 என்று போயிருந்தால்? ஃபியூரிக்கு ஒவ்வொரு அட்டையிலும் ஒரு புள்ளி கூடும். முதல் அட்டை 115–113 உசிக், இரண்டாவது 114–114, மூன்றாவது 115–113 ஃபியூரி. ஆளுக்கு ஒன்று, ஒன்று சமம். சண்டை டிரா! பன்னிரண்டு ரவுண்டில் ஒரே ஒரு புள்ளிதான் இரண்டு வரலாறுகளுக்கு நடுவே நின்றது. அன்று மட்டும் இல்லை. 1999 மார்ச்சில் ஹோலிஃபீல்ட்–லூயிஸ் சண்டையில் ஒரு ஜட்ஜ் ஹோலிஃபீல்டுக்கும், ஒருவர் லூயிஸுக்கும், ஒருவர் சமமாகவும் போட்டார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் லூயிஸ் ஜெயித்ததாகவே கருதினார்கள்.

கடைசியாக எடை பார்க்கும் நாள். மற்றப் பிரிவுகளில் தராசு பொய் சொல்லும். நீரை வடித்து எல்லைக்குள் வந்துவிட்டு, மறுநாள் ரிங்கில் ஏறும்போது வேறு ஆளாக நிற்பார்கள். ஹெவிவெயிட்டில் தொட வேண்டிய மேல் எல்லையே இல்லாததால், தராசில் தெரிகிற எண் வீரர் தானே தேர்ந்தெடுத்த எண். அவருடைய திட்டத்தை அது ஓரளவு காட்டிக்கொடுக்கும். ரூயிஸோடு மறுபோட்டிக்கு ஜோஷுவா பத்து பவுண்டுக்கு மேல் குறைத்து 237இல் வந்தார்: ஓடி, ஜாப் போட்டு, புள்ளியில் ஜெயிக்கப்போகிறேன் என்று அர்த்தம். ரூயிஸ் 268இலிருந்து 283க்கு ஏறி வந்தார். அதன் அர்த்தத்தை நான் விளக்க வேண்டியதில்லை. 2020 பிப்ரவரியில் ஃபியூரி, வைல்டரை நாக்அவுட் செய்வேன் என்று பயிற்சியாளரையே மாற்றிக்கொண்டு சொன்னபோது பலரும் நம்பவில்லை. முதல் சண்டையில் 256½ பவுண்டில் நின்றவர் இரண்டாவதற்கு 273இல் ஏறினார். முன்னே போய், கிளிஞ்சில் முழு எடையையும் வைல்டரின் கழுத்தில் சாய்த்து, ஏழாவது ரவுண்டில் முடித்தார்.

மூன்றாவது சண்டைக்கு இருவருமே கனத்து வந்தார்கள், வைல்டர் 238, ஃபியூரி 277. அந்தக் கனம் வைல்டருக்கு நான்காவது ரவுண்டில் ஃபியூரியை இருமுறை தரையில் போடும் பலத்தைத் தந்தது. பத்தாவது ரவுண்டுக்குள் அதே கனம் அவருடைய கால்களைத் தின்றுவிட்டது. பதினொன்றில் முடிந்தது.