பழைய ஹோட்டலில் காற்று எந்தப் பக்கம்?

வணக்கம் வானொலி நேயர்களே. ஹோட்டல் என்றதும் நம்மூர் திருகோணமலையில் கொத்துரொட்டி கொத்துகிற சத்தம்தான் காதுக்கு வரும். நான் சொல்ல வந்தது அந்த ஹோட்டலை அல்ல. இரண்டு நாள் கொழும்பு, கண்டி என்று போகிறவர்கள், நூறு வருடம் தாண்டிய ஹோட்டலில் எப்படித் தங்குவது என்பதைத்தான். கோல்பேஸ் ஹோட்டல் 1864இல் தொடங்கியது. கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிராண்ட் ஓரியண்டல், 1875. கப்பலில் வந்து இறங்கியவர்கள் பெட்டியோடு நேரே நுழைந்த இடம் அது. ரஷ்ய எழுத்தாளர் செக்கோவும் 1890இல் அங்கே தங்கினார். கண்டியில் தலதா மாளிகைக்குக் கிட்ட குயின்ஸ் ஹோட்டல்.

முதலில் போனில் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. “அறை பழைய கட்டடத்திலா, பிறகு கட்டியதிலா?” பல ஹோட்டல்களில் பின்னால் கட்டிய புதுப் பகுதியும் இருக்கும். கேட்காவிட்டால், பழைய ஹோட்டலின் பெயருக்குக் காசு கொடுத்துவிட்டுப் புதுக் கொங்கிரீட் பெட்டிக்குள் படுப்பீர்கள்.

இனி யன்னல். இதைப் பற்றி நான் கொஞ்சம் கூடத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டடங்கள் கரண்ட் வருவதற்கு முன்னால் கட்டியவை. அதனால்தான் கூரை அவ்வளவு உயரம். சூடான காற்று மேலே ஏறி, கதவுக்கு மேலே இருக்கிற காற்றுத்துளையால் வெளியே போகும். யன்னலால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் முன்கதவையும் பின்கதவையும் திறந்து வைக்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பிறகு ஏசி வந்தது. எல்லாத் துளையையும் அடைத்தார்கள். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்து பூசியது; ஈரத்தை இழுக்கும், திரும்ப வெளியே விடும். அதன் மேல் இந்தக் காலத்துப் பெயின்ரை அடித்தால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்பக்கம் வியர்க்கிற மாதிரி, ஏசியில் குளிர்ந்த சுவரும் வியர்க்கும். அதிலே பூஞ்சணம் பிடிக்கும். “பழைய கட்டடமென்றால் மணக்கத்தானே செய்யும்” என்பார்கள். இல்லை. அடைத்து வைத்ததால் வந்த மணம் அது.

ஆகவே அறைக்குள் போனதும் பையைத் திறக்காதீர்கள். அலுமாரிக் கதவைத் திறந்து மணந்து பாருங்கள். அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவுங்கள். கை நனைந்தால் வேறு அறை கேளுங்கள். உடுப்பை மாட்டிய பிறகு கேட்கக் கூச்சமாக இருக்கும், அதனால்தான் முதலிலேயே. சுவர் காய்ந்திருந்தால் ஏசியை நிற்பாட்டி, யன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு இருபது நிமிடம் பாருங்கள். அநேகமாக ஏசி தேவைப்படாது. மழைக்காலத்தில் மரச்சட்டம் ஊதி இறுகும். அப்போது குத்தித் தள்ளாதீர்கள், கைபிடியைச் சற்று மேலே தூக்கித் தள்ளினால் வரும். ஒரு விஷயம், நம்மூரில் மான் படலைக்கு வரும், கண்டியில் குரங்கு யன்னலால் வரும். வெளியே போகும்போது பூட்டிவிட்டுப் போங்கள், வாழைப்பழத்தை மேசையில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, நம்மவர்கள் ஏமாறுவது. இங்கே யூன், யூலையில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். அதை நினைத்துக்கொண்டு கொழும்பில் கடல் பார்த்த அறைதான் வேண்டும் என்று எடுப்பார்கள். அந்தக் கரைக்கு அதுதான் கடல் கொந்தளிக்கிற காலம். உப்புக் காற்று நேரே யன்னலில் அடிக்கும், கண்ணாடி மங்கலாகும், நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த யன்னலைத் திறக்கவே முடியாது. அந்த மாதங்களில் உள்முற்றம் பார்த்த அறை போதும். தை, மாசியில் கடல் பக்கம் எடுங்கள்.

குளிப்பு. கூரைத் தாங்கியிலிருந்து தண்ணீர் வருகிற கட்டடமென்றால் மேல் மாடியில் தண்ணீர் வேகம் குறைவு, தாங்கிக்கும் குழாய்க்கும் உயர வித்தியாசம் அவ்வளவுதானே. காலை ஆறு ஏழு மணிக்கு எல்லாரும் திறந்தால் நூலாகத்தான் வரும். இரவிலேயே குளித்துவிடுங்கள். சுடுநீர் நீண்ட குழாயால் வருவதால் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட வேண்டும்; குளிராக வருகிறதென்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம்.

திருகோணமலையிலிருந்து இரவுப் பயணம் போனால் விடியமுன் கொழும்புக் கோட்டையில் இறங்குவீர்கள். அறை கிடைப்பது பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு. பையை வரவேற்பில் வைத்து, முகம் கழுவ இடம் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். கைக்குழந்தை இருந்தால் முந்திய நாள் இரவுக்கும் சேர்த்து எடுப்பதுதான் வழி.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் போய்விட்டது. காசுக் கதையை ஓடிச் சொல்கிறேன். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 20,000 ரூபாய் 20,000 அல்ல. சேவைக் கட்டணம் 10 சதவீதத்தோடு 22,000, அதன் மேல் வற் வரி 18 சதவீதம், 25,960. சில்லறை வரிகள் வேறு. உள்ளூர்வாசிக்குத் தனி விலை உண்டு, எல்லாருடைய அடையாள அட்டையையும் கொண்டு போங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிற மாமா, சித்திக்கு அந்த விலை கிடைக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிளக்குகள் பழைய உருண்டைக் கால் மாதிரியாக இருக்கலாம், பிளக் மாற்றி ஒன்று பையில் கிடக்கட்டும். கண்டிப் பெரஹர ஊர்வல நாட்களில் குயின்ஸில் தெருப் பக்கத்து அறை… சரி, சரி, முடிக்கச் சொல்கிறார்கள். வணக்கம்.