விடுதலை தந்த இசை

நடுவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம்.

பீட்டில்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன், குழு கலைந்த பின் 1970 நவம்பரில் வெளியிட்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' என்னும் தனி ஆல்பத்தின் சிறப்புக்குக் காரணம் குழு தந்த பயிற்சியா, குழுவிலிருந்து கிடைத்த விடுதலையா என்பது இன்றைய வழக்கு. விடுதலையே என்று வாதாட வந்திருக்கிறேன். லெனன், மெக்கார்ட்னி என்னும் அக்குழுவின் இரண்டு பெரும் பாடலாசிரியர்களின் பக்கத்தில் அமர்ந்து கற்றதால்தான் ஹாரிசனுக்குப் பாட்டுக் கட்ட வந்தது என்று எதிரணித் தலைவர் சொன்னார். அவர் அங்கே கற்றார் என்பதை நான் மறுக்கவில்லை. கற்றுக்கொண்டு கட்டிய பாடல்களுக்கு அந்த வீட்டில் என்ன இடம் கிடைத்தது என்றுதான் கேட்கிறேன்.

1968-இல் வந்த பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பத்தில் 30 உருப்படிகள் உண்டு. அவற்றில் ஹாரிசனுடையவை 4. அடுத்த ஆண்டின் 'ஆபி ரோட்' ஆல்பத்தில் 17-க்கு 2. இரண்டு தலைவாழை இலைகள் விரித்த பந்தியில் ஓரமாக ஒரு துண்டு இலை போட்டதைப் போன்ற இடம் அது. குழுவின் முதல் சிங்கிள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாடல் கொண்ட சிறு இசைத்தட்டு, 1962 அக்டோபரில் வந்தது. ஹாரிசன் எழுதிய ஒரு பாடல் சிங்கிளின் முதல் பக்கத்தில் ஏறியதோ 1969 அக்டோபரில், 'சம்திங்' பாடலோடு. ஏழு ஆண்டுகள், நடுவர் அவர்களே. 1966-இலேயே அவர் எழுதிவிட்ட 'இஸன்ட் இட் எ பிட்டி' பீட்டில்ஸ் இசைத்தட்டு எதிலும் இடம்பெறவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய சொந்த ஆல்பத்தில்தான், ஏழு நிமிட நீளத்தில், அவசரமின்றித் தன் துயரத்தைச் சொல்லி முடித்தது.

குழுவுக்குள் இருந்தபோதே அவருடைய நல்ல பாடல்கள் குழுவை விட்டு விலகிய நேரங்களில் பிறந்தன என்பதையும் அவை கவனிக்க வேண்டும். 'ஹியர் கம்ஸ் தி சன்' பாடலை அவர் எழுதியது ஒலிப்பதிவுக்கூடத்தில் அல்ல. குழுவின் வணிகக் கூட்டம் ஒன்றுக்குப் போகாமல் மட்டம் போட்டுவிட்டு, நண்பர் எரிக் கிளாப்டனின் தோட்டத்தில் கிதாரோடு நடந்த ஒரு வசந்த காலப் பகலில் எழுதினார். 1968-இன் இறுதியில் அமெரிக்காவின் வுட்ஸ்டாக்கில் பாப் டிலனோடும் 'தி பேண்ட்' குழுவினரோடும் சில நாட்கள் தங்கியபோது, டிலனும் அவரும் சேர்ந்து ஒரு பாடல் எழுதினார்கள். இன்று நாம் பேசும் ஆல்பத்தின் தொடக்கப் பாடல் அதுதான். அங்கே சமமானவராக மதிக்கப்பட்டவர், ஊர் திரும்பிய சில வாரங்களில், 1969 ஜனவரியில், லண்டனின் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புக்கூடத்தின் குளிரில் குழுவோடு ஒத்திகைக்கு அமர்ந்தார். நம் ஆல்பத்தின் தலைப்புப் பாடலை அந்த அறையில் நால்வரும் திரும்பத் திரும்ப முயன்றார்கள். ஆனால் அது குழுவின் பாடலாக ஏற்கப்படவில்லை. ஜனவரி 10 அன்று மதிய உணவு நேரத்தில் அவர் எழுந்து வெளியேறினார். வீடு சென்ற அதே நாளில் 'வாவா' என்ற பாடலை எழுதினார். சில நாட்களில் திரும்பி வந்தார் என்பது உண்மை; குழு முறையாகக் கலைந்தது 1970-இல் என்பதும் உண்மை. ஆனால் வெளியேறிய சில மணி நேரத்தில் ஒரு பாட்டு வந்துவிடுகிறது என்றால், அந்த மனிதரை அதுவரை அடைத்துக்கொண்டு நின்றது எது என்பதை நடுவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி அவருடைய கிதாருக்கு வருகிறேன், ஏனெனில் எதிரணியினர் பாடல் எழுதுவதைப் பற்றியே பேசிவிட்டு விரல்களை மறந்துவிட்டார்கள். 1966-இல் ரவிசங்கரிடம் சிதார் கற்கத் தொடங்கிய ஹாரிசன், அதில் தாம் உயர்ந்த நிலையை எட்ட முடியாது என்று உணர்ந்து 1968-இல் கிதாருக்கே திரும்பினார். பின்னர் 1969 டிசம்பரில், டெலனி - பானி இணையரின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்த பயணத்தில் ஸ்லைடு வாசிப்பைக் கைக்கொண்டார். நம் கோட்டுவாத்தியத்தில் கலைஞர் கட்டையை நரம்பின்மேல் நகர்த்துவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: கிதார்க் கழுத்தில் பதித்த மெட்டுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரல் தாவாமல், ஒரு குழாய் நரம்பின்மேல் வழுக்கிச் செல்ல, ஒரு சுரம் அடுத்த சுரத்துக்குள் கரைந்து போகும். 'மை ஸ்வீட் லார்ட்' பாடலின் தொடக்கத்தைக் கேளுங்கள். பல கிதார்கள் ஒன்றாகத் தாளம் கட்ட, அதன்மேல் ஸ்லைடு நுழைந்து, குரல் வரும் முன்பே குரலைப் போல இழைகிறது. உடன் இன்னொரு ஸ்லைடு சேர்ந்து இரண்டும் இரட்டைக் குழலாக இணைகின்றன. குழு கலைவதற்கு முன் வந்த பீட்டில்ஸ் இசைத்தட்டுகளில் ஹாரிசனின் அடையாளமாக இந்த ஒலி இருந்ததே இல்லை. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அதுவே அவர் கையெழுத்தாயிற்று. கற்றுத் தந்த வீட்டில் பேசாத குரல் வெளியே வந்ததும் பேசியது என்றால், அதைப் பயிற்சியின் கணக்கில் எழுதுவது எப்படி நியாயமாகும்?

விடுதலை என்றால் தனிமை என்று எதிரணி பொருள் கொண்டதும் பிழை. அந்த ஆல்பத்தில் கிளாப்டன் இருக்கிறார், பில்லி பிரஸ்டன் இருக்கிறார், ஜெர்மானிய நண்பர் கிளாஸ் ஃபோர்மன் இருக்கிறார், நாஷ்வில்லிலிருந்து வந்த பீட் டிரேக்கின் பெடல் ஸ்டீல் கிதார் இருக்கிறது. ரிங்கோ ஸ்டாரும் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். ஆனால் அவர் பழைய குழுவின் உறுப்பினராக அங்கே அமரவில்லை, அழைத்த நண்பனுக்காக வந்து அமர்ந்தார். யாரோடு வாசிப்பது, எந்தப் பாடலை வாசிப்பது என்னும் இரண்டையும் ஹாரிசனே முடிவு செய்தார். ஃபில் ஸ்பெக்டரின் எதிரொலி மிகுந்த தயாரிப்பு சில இடங்களில் பாடலை மூடுகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

'மை ஸ்வீட் லார்ட்' அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பீட்டில்ஸ் உறுப்பினர் ஒருவரின் தனிப்பாடல் அப்படி முதலிடம் கண்டது அதுவே முதல் முறை. அந்தப் பாடலின் மெட்டு, ஷிஃபான்ஸ் குழுவின் 1963-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றைத் தம்மை அறியாமலே ஒத்துவிட்டது என்று 1976-இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழுவுக்குள் இருந்திருந்தால் மற்ற மூவரில் ஒருவர் எச்சரித்திருப்பார் என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். அது ஹாரிசனை மிகவும் வருத்திய வழக்கு, நான் அதைச் சிறிதாக்க மாட்டேன். ஆயினும் நால்வரின் செவிகளும் ஓர் அறையில் இருந்தபோது உருவான 'கம் டுகெதர்' பாடலும், சக் பெர்ரியின் பழைய பாடலை ஒத்திருக்கிறது என்று வழக்குக்கு ஆளானதே! அங்கே அந்தக் காவல் எங்கே போயிற்று?

பிந்தைய ஆல்பங்கள் இந்த உயரத்தை எட்டவில்லை, ஆகவே குழுக் காலத்துச் சேமிப்பே அவரைக் காத்தது என்பது அவர்களுடைய வலுவான வாதம். எட்டவில்லை என்று நானும் கருதுகிறேன். ஆனால் சேமிப்பு என்ற சொல் இங்கே பொருந்தாது. களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டுபவர் பின்னர் எடுத்து உண்ணக் கொட்டுகிறார். இங்கே வண்டியை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். 1970 மே மாதத்தில் இரண்டே நாட்களில் ஹாரிசன் 30 பாடல்களின் மாதிரிப் பதிவுகளைச் செய்தார். மூன்று இசைத்தட்டுகளாக வெளிவந்த ஆல்பத்திலும் அவை முழுவதும் அடங்கவில்லை.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் தாங்கள் இரண்டு பதிவுகளைக் கேட்க வேண்டுகிறேன். குழுவில் ஏற்கப்படாத அந்தத் தலைப்புப் பாடலை, 1969 பிப்ரவரி 25 அன்று, தம் 26-ஆவது பிறந்தநாளில், ஹாரிசன் ஆபி ரோட் கூடத்துக்குத் தனியே சென்று பதிவு செய்தார். ஒரு குரலும் கிதாரும் மட்டுமே அதில் உண்டு; குழுவின் மற்ற மூவரும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு, ஊதுகருவிகளும் ஸ்டீல் கிதாரும் சூழ அதே பாடல் 1970-இல் எழுந்து நிற்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையில் பாடல் மாறவில்லை. பாடியவருடைய நிலை மாறியிருக்கிறது.