தேமல் சிவந்தால்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் நடக்கும் முகாம்களுக்கும் பல வருடங்களாகப் போய் வருகிறேன். தொழுநோயைப் பற்றிப் பேச அழைத்தார்கள். உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்று நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் அந்தத் தேமலுக்கு உள்ளே, தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்று சொல்லப் போகிறேன்.

காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு முகாம். தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அம்மா வந்தார். முழங்கைக்குக் கீழே வெளிறிய தேமல், விளிம்பு மட்டும் லேசாகத் தடித்திருந்தது. அந்த இடத்தில் வேர்வை இல்லை, முடியும் உதிர்ந்திருந்தது. கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் தொட்டுக்கொண்டே வந்தேன். தேமலுக்கு வெளியே தொட்டபோதெல்லாம் சரியான இடத்தை விரலால் காட்டினார். நடுவில் தொட்டேன், பேசாமல் இருந்தார். மறுபடியும் தொட்டேன். "இன்னும் தொடவே இல்லீங்களே டாக்டர்" என்றார்.

அதே மாதம் நகரத்தில் இன்னொருவர். கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. விரலில் சூடுபட்டதே தெரியவில்லை, கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று வந்தார். அவருக்குக் காது மடல் தடித்திருந்தது, புருவத்தின் வெளிப்பக்கம் முடி கொட்டியிருந்தது. உடம்பு முழுக்க மங்கலான தேமல்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

இருவருக்கும் தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கிருமியைக் காட்ட ஒரு சாயம் உண்டு. அது போட்டால் தொழுநோய்க் கிருமி நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி போலத் தெரியும். அந்த அம்மாவின் ஸ்லைடில் எவ்வளவு தேடியும் ஒரு குச்சி கிடைக்கவில்லை. பட்டறைக்காரரின் ஸ்லைடில் எண்ண முடியாத அளவுக்குக் கட்டுக் கட்டாக இருந்தன.

கிருமி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்தது. ஒன்று இரண்டாகப் பெருகவே இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறிக் கிருமி. உடம்பில் குளிர்ச்சியான இடங்களைத் தேடிப் போகும். காது மடல், மூக்கு, தோல், தோலை ஒட்டி ஓடும் நரம்பு எல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். ஆளுக்கு ஆள் மாறுவது நம் உடம்பு அதற்குக் கொடுக்கும் பதில்.

அந்த அம்மாவின் தோலில், கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் அணுக்கள் நெருக்கமாகக் கூடி உருண்டை கட்டியிருந்தன. சில ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய அணுவாகவே ஆகியிருந்தன. இந்த உருண்டைக்கு கிரானுலோமா என்று பெயர். இதற்குள் கலந்திருப்பவை உதவி டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். அவை இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். விழுங்கிய கிருமியைக் கொன்றுவிடு என்று மேக்ரோபேஜுக்குப் போகும் உத்தரவு அது. சி.டி.8 என்ற இன்னொரு வகை டி செல்கள் உருண்டையின் வெளியோரத்தில் வளையமாக நிற்கும்.

பட்டறைக்காரருக்கு அந்த உத்தரவு போகவே இல்லை. டி செல்கள் குறைவாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. மேக்ரோபேஜ்கள் கிருமியை விழுங்கியிருந்தன, ஆனால் கொல்லவில்லை. கொழுப்பு சேர்ந்து நுரைத்துப் போய், கிருமிக்குக் குடியிருப்பாகவே ஆகிவிட்டன. இன்டர்லூக்கின் 10 போன்ற, எதிர்ப்பை அடக்கிவைக்கும் பொருள்கள்தான் இப்படிப்பட்ட தோலில் அதிகம். இவர் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்துக்குக் குறைவில்லை. ஆனால் கிருமி அணுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் புரதம் உள்ளே போகாது.

இந்த இரண்டு ஓரங்களையும் நடுவில் உள்ளவற்றையும் சேர்த்து 1966இல் ரிட்லி, ஜாப்லிங் என்ற இருவர் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். நம் அம்மா, எதிர்ப்பு வலுவாக உள்ள ஓரத்துக்கு அடுத்த வகை.

அப்படியானால் எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு ஏன் மரத்துப்போகிறது? நரம்பை மூடியிருக்கும் ஷ்வான் அணுக்களுக்குள் கிருமி ஒளிந்துகொள்கிறது. அதைத் தேடி டி செல்களும் மேக்ரோபேஜ்களும் நரம்புக்குள்ளேயே நுழைகின்றன. நரம்பு இறுக்கமான உறைக்குள் இருப்பது. உள்ளே வீங்கினால் விரிய இடம் இல்லை, நசுங்கிவிடும். தொழுநோயில் கை கால் முடங்குவதில் பெரும்பங்கு நம் உடம்பே நடத்தும் இந்தத் தாக்குதலுக்கு உண்டு.

இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். அந்த அம்மாவுக்கு மாத்திரை ஆரம்பித்தோம். மூன்றாவது மாதம் தேமல் சிவந்து, தடித்து, சூடாகிவிட்டது. மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அவரே நிறுத்திவிட்டார். முழங்கை உட்பக்கம் வலித்திருக்கிறது, பழக்கூடை தூக்கியதால் என்று விட்டுவிட்டார். திரும்ப வந்தபோது சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கி இருந்தன. இப்படி ஆகலாம் என்று முதல் நாளே நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

சிவந்ததற்கு மாத்திரை ஒவ்வாமை காரணமில்லை. அடங்கியிருந்த எதிர்ப்பு திடீரென்று வேகம் எடுத்து, தோலிலும் நரம்பிலும் ஒரே நேரத்தில் பாய்ந்தது. இதை முதல் வகை எதிர்வினை என்கிறோம். இதற்கு, எதிர்ப்பின் வேகத்தைத் தணிக்கும் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சில மாதங்கள், மெல்ல மெல்லக் குறைத்துக் கொடுப்போம். கூடவே தொழுநோய் மாத்திரையும் தொடர வேண்டும், அதை நிறுத்தவே கூடாது. நரம்பு பாதித்து ஆறு மாதத்துக்குள் பிடித்தால் பெரும்பாலும் மீட்கலாம். வாரக் கணக்கில் பிடித்தால் இன்னும் நல்லது. அந்த அம்மாவுக்கு மோதிர விரல் நிமிர்ந்துவிட்டது. சுண்டுவிரல் முழுதாக நிமிரவில்லை.

பிள்ளை பெற்ற தாய்மார்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். கர்ப்பத்தில் இந்த வகை எதிர்ப்பு கொஞ்சம் தணிந்திருக்கும். பிரசவத்துக்குப் பின் திரும்பும்போது இதே எதிர்வினை வரலாம்.

பட்டறைக்காரருக்கு வந்தது வேறு வகை. காய்ச்சலோடு, தொட்டால் வலிக்கும் சிவப்புக் கட்டிகள். இந்த வகை கண்ணையும் பாதிக்கும் என்பதால் கண் சிவந்தாலும் காத்திருக்கக் கூடாது.

மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். தேமல் ஐந்துக்குள் இருந்து, தோல் பரிசோதனையில் கிருமியும் இல்லையென்றால் பொதுவாக 6 மாதம், மற்றவர்களுக்கு 12 மாதம். ஆரம்பித்த சில நாளிலேயே மற்றவருக்குத் தொற்றும் ஆபத்து பெருமளவு போய்விடும், தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதே இல்லை. நம்மில் பெரும்பாலானோருக்கு இந்தக் கிருமியைத் தடுக்கும் சக்தி இயல்பாகவே இருக்கிறது.

இன்னொன்று. மாத்திரை கிருமியைக் கொன்றுவிடும், ஆனால் செத்த கிருமியை உடம்பு அப்புறப்படுத்த வருடக்கணக்காகும், குறிப்பாகப் பட்டறைக்காரர் போன்றவர்களுக்கு. அதனால் சிகிச்சை முடிந்த பிறகும் எதிர்வினை வரலாம். அப்படி வந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் காட்ட வேண்டியது பழைய சிகிச்சை அட்டையை. அதைப் பத்திரமாக வைத்திருங்கள். வணக்கம்.